கேள்வி – பதில்: கடலடி கற்பிக்க யாரை எடுப்பார்கள்?

கேள்வி: என் மகள் புவிச்சரிதவியலில் (பாறைகளையும் நில அமைப்பையும் ஆராயும் இயல்) சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் பெற்றவள். சமுத்திரவியல், கடல்சார் புவிச்சரிதவியல் துறைக்கு விரிவுரையாளர் கோரினால், கடலைப் பற்றித் தனியாகப் படிக்காத அவள் விண்ணப்பிக்கலாமா?
– ஒரு தாய், வல்வெட்டித்துறை

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம், அம்மா. இந்த இரண்டையும் ஒரே துறையாகக் கற்பிப்பது மாத்தறையிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழகம். அலை, நீரோட்டம், உப்புத்தன்மை ஆகியவற்றுக்குப் பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்களும், கடலடிப் படிவுகள், பாறைகள், கரையோர அரிப்பு ஆகியவற்றுக்குப் புவிச்சரிதவியலாளர்களும் அத்தகைய துறைக்குத் தேவை. ஆகவே விளம்பரத்தில் எந்தப் பாடப்பரப்பு கேட்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பாருங்கள். பலர் பதவிப் பெயரை மட்டும் வாசித்துவிட்டு ஏமாறுகிறார்கள். தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்குப் பட்டப்பின் படிப்பை முடிக்க வேண்டும் என்பதால், கடல்சார் ஆய்வுத் தலைப்பொன்றை இப்போதே மனதில் வைத்திருப்பது நேர்முகப்பரீட்சையிலும் உதவும்.

தலைப்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை. யாழ் குடாநாடு நிற்பதே, கோடி ஆண்டுகள் பழமையான மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் மேல். அதன் வெடிப்புகளில் தங்கும் நன்னீரை அளவுமீறி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறு உவராகிவிடும் என்பதை நம் தோட்டக்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அதோடு ஆழம் குறைந்த பாக்குநீரிணையின் மணல் நகர்வும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கில் விட்டுச்சென்ற படிவுகளும் இருக்கின்றன. வேலை மாத்தறையில் கிடைத்தாலும், ஆய்வுக்கான மாதிரி எடுக்க மகள் வீட்டுக்குத்தான் வருவாள்!