இயக்குநர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியை நான். புதிதாக விண்வெளி அறிவியல் ஆய்வு மையம் தொடங்குகிறோம், இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் அரசு விண்வெளித் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. இன்னொருவர் 41 வயதுப் பெண், வெளிநாட்டில் சூரியக் காற்று (சூரியனில் இருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள்) பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர். தாளாளர், "பெரிய பெயர் இருந்தால்தான் அட்மிஷன் வரும்" என்கிறார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடித்திருக்கிறது. சொல்லப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்:

பயத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். அதற்கு முன், வயதை ஓரமாக வைத்துவிடுங்கள். ஓய்வு பெற்றவர் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பார், இளையவர் என்றால் உழைப்பார் என்று எடுத்துக்கொண்டால் நீங்களும் தாளாளர் மாதிரிதான் யோசிக்கிறீர்கள், திசை மட்டும் வேறு.

அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947ல் ஓர் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கினார், இன்று பி.ஆர்.எல். (இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்) என்று சொல்கிறோமே, அதுதான். அப்போது அவருக்கு 28 வயது. கல்லூரி ஒன்று ஒதுக்கிக் கொடுத்த சில அறைகள், அவ்வளவுதான் ஆரம்பம். ஆனால் முதல் இயக்குநர் அவர் இல்லை. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதனை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். வானிலைத் துறையில் இருந்து 1948ல் ஓய்வு பெற்ற 55 வயதுக்காரர் அவர். 1966 வரை, அதாவது 18 வருடம், அந்த நாற்காலியில் இருந்தார். மேல் வளிமண்டலம், ஓசோன் என்று தன் ஆராய்ச்சியையும் விடவில்லை, மாணவர்களையும் உருவாக்கினார். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியக் காற்றை அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவி அந்தக் கூடத்தில் செய்ததுதான். ஓய்வு பெற்றவரை எடுத்ததால் கெட்டுப்போன இடமா அது?

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த ஆள் நம்மிடம் வந்து நிற்பாரா, நின்று வேலை செய்வாரா?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாணவர்கள் நாலு வருடத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், விண்வெளி வேலை நாலு வருடத்தில் முடியாது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாஸ்ப் என்ற விண்வெளி ஆய்வு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாசா பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே, 1948ல் தொடங்கியது. புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் தூசியை எண்ணும் கருவி ஒன்று இருக்கிறது, அதை வடிவமைத்துச் செய்து கொடுத்தது அந்த மையத்தின் மாணவர்கள். 2006 ஜனவரியில் ஏவினார்கள், புளூட்டோவின் அருகே கடந்தது 2015 ஜூலையில். செய்த பிள்ளைகள் அதற்குள் எங்கெங்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், ஆனால் கருவியைப் பார்த்துக்கொள்ளப் புதிய மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஏவிய அன்று இயக்குநராக இருந்த டேனியல் பேக்கர்தான் புளூட்டோவைக் கடந்த அன்றும் இயக்குநர். 1994ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அவர்.

நம் ஊரிலும் செயற்கைக்கோள் செய்த பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 40 கிலோ, 2009 ஏப்ரலில் மேலே போனது. எஸ்.ஆர்.எம். மாணவர்களின் செயற்கைக்கோள் 2011ல், கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் 2017ல். எல்லாமே பெருமைதான். ஆனால் செயற்கைக்கோள் ஒன்றை அனுப்பினால் அது மையம் ஆகிவிடாது. அடுத்த கருவிக்கு யோசனை எழுதுகிறவர், சாலிடரிங் தெரிந்த டெக்னீஷியனைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர், வந்த டேட்டாவை மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறவர் அங்கேயே இருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பெரிய பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், ஆதரித்து முதலில் பேசியவன் நான். அவர் மாதத்துக்கு இரண்டு நாள் வந்தார். வாங்கிய கருவி பெட்டியைப் பிரிக்காமலேயே வாரன்ட்டி முடிந்தது. ஒரு மாணவியின் ஆய்வேடு அவர் மேசையில் எட்டு மாதம் கிடந்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் உங்கள் நேர்காணலை அரை மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். இருவரையும் தனித்தனியாக இரண்டு நாள் வரவழையுங்கள். ஒரு நாள் மாணவர்களோடும் லேப் ஆட்களோடும் விடுங்கள், நிர்வாகத்தில் இருந்து யாரும் கூட இருக்க வேண்டாம். சாயங்காலம் அந்த மாணவர்களிடம் கேளுங்கள், யார் அவர்களைக் கேள்வி கேட்டார், யார் தன் கதையை மட்டும் சொன்னார் என்று. அப்புறம் இருவரிடமும், உங்கள் கருவியோ கணக்கோ தப்பாகிப்போன ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். கையால் வேலை செய்தவருக்கு இதற்குப் பதில் உடனே வரும். இருவருடைய பழைய மாணவர்கள் இரண்டிரண்டு பேருக்குப் போன் போடுங்கள். பயோடேட்டாவில் கொடுத்திருக்கும் பரிந்துரையாளர்களைவிட அந்த நாலு போன் அதிகம் சொல்லும்.

63 வயதுக்காரரிடம் நேராகவே கேட்கலாம்: வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள், எத்தனை வருடம்? ஐந்து நாள், ஐந்து வருடம் என்று அவர் மனதாரச் சொன்னால், நீங்கள் அவரை மறுபடி யோசிக்க வேண்டும். முடியாது என்றால் ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். நிதிக்கு எந்தக் கதவைத் தட்டுவது, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசி அடுக்கை ஆய்வு மேடையாக வைத்து ஏற்றும் கருவிகளில் நம்முடையதுக்கும் இடம் கிடைக்குமா, இதற்கெல்லாம் அவருடைய அனுபவம் தங்கம். தாளாளருக்கு வேண்டிய பெயரும் போர்டில் வந்துவிடும்.

41 வயதுக்காரரிடம் வேறு கேள்வி. முதல் வருடம் பணமே வரவில்லை என்றால் என்ன செய்வார்? அவர் துறைக்கு நல்ல பதில் இருக்கிறது: ஆதித்யா எல்-1ன் டேட்டாவை இஸ்ரோ எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, கணினியும் நாலு மாணவர்களும் இருந்தால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். இதை அவரே சொல்கிறாரா பாருங்கள்.

அவரும் உங்களைத்தான் எடைபோடுவார், அதை மறக்காதீர்கள். எவ்வளவு ரூபாய் வரை தானே கையெழுத்துப் போட்டு வாங்கலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை டெக்னீஷியன் பணியிடம், இதெல்லாம் நியமனக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஃபைல் மூன்று மேசை ஏறி இறங்கினால் யாரை எடுத்தாலும் இரண்டே வருடத்தில் ஓடிவிடுவார்.

சரி, பயம். தாளாளரோடு கூட்டத்தில் மோதாதீர்கள். கூட்டத்துக்கு முன் தனியாகப் போய்ப் பாருங்கள், எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசினால் அவர் இறங்கி வர வழியே இருக்காது. ஆலோசகர் யோசனையை அங்கேயே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால், குழுவின் குறிப்பேட்டில் உங்கள் கருத்தை நாலு வரியில், யாரையும் குறை சொல்லாமல், காரணத்தோடு பதியச் சொல்லுங்கள். குழுவில் போட்டதே உங்கள் கருத்தைக் கேட்கத்தான், அதை எழுத்தில் கொடுப்பதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு போனையும் போட்டு முடித்த பிறகு எழுதுங்கள், உங்கள் கருத்தே மாறியிருக்கலாம்.