வாசகர் கேள்வி பதில்: கதவு பெயின்ட் ஏன் உரியுது?

கேள்வி: அக்கா, எங்கட வீடு வெள்ளவத்தையில கடல் பக்கம். போன ஆகஸ்ட்தான் வாசல் கதவுக்கு நல்ல விலை குடுத்து எனாமல் வாங்கி அடிச்சம், ஒரு வருஷம்கூட ஆகேல்ல, கீழ்ப்பக்கம் பொக்களிச்சு செதில் செதிலா உரியுது. கடைக்காரர் வேற பிராண்ட் எடுங்கோ எண்டுறார். எதை வாங்கட்டும்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பிராண்டை விடுங்கோ தங்கச்சி. முதல்ல கதவை பாதி திறந்து, முகம் பாக்கிற சின்னக் கண்ணாடியை நிலத்தில வச்சு கதவின்ர அடி விளிம்பைப் பாருங்கோ. அனேகமா அங்க பெயின்டே இருக்காது, வெறும் மரம்தான் தெரியும். கதவை நிலையில மாட்டின பிறகு அடிக்கிறதால பெயின்ட் அடிக்கிற பாஸ்மார் அந்த இடத்தைத் தொடுறதில்ல, ஆனா மரம் தண்ணி குடிக்கிறதே அந்த வெட்டுமுனையாலதான். வாசல் கழுவுற தண்ணி, மழைச்சாரல் எல்லாம் அதால மேல ஏறும், பிறகு வெயில் பட்டா வெளிய வரப் பாக்கும், எனாமல் விடாது, அப்ப பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும், அதுதான் நீங்கள் சொல்ற பொக்களம்.

அடுத்தது, ஆகஸ்ட் மாசம். மே தொடங்கி செப்டம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து, அந்த நேரம் கொழும்பில மரம் உள்ளுக்கு ஈரமாத்தான் கிடக்கும், ஐப்பசி மழையும் அப்பிடித்தான். பொறுத்திருந்து ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில அடியுங்கோ. கடல் பக்கம் எண்டபடியா உப்பும் படிஞ்சிருக்கும், உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கொண்டே இருக்கும், அதுக்கு மேல எவ்வளவு விலையான பெயின்ட் அடிச்சாலும் பிடிக்காது. நல்ல தண்ணியில ரெண்டு தரம் துடைச்சு ரெண்டு மூண்டு நாள் நிழல்ல காய விடுங்கோ.

பிறகு பிணைச்சலைக் கழட்டி கதவை இறக்கி, உரியிறதைச் சுரண்டி 120 நம்பர் சாண்ட் பேப்பர், அதுக்குப் பிறகு 180, மரத்தின்ர ரேகை ஓடுற பக்கமாத் தேயுங்கோ, குறுக்கால தேய்ச்சா கீறல் பெயின்டுக்கு மேலாலயும் தெரியும். முதல்ல ஆயில் பிரைமர் எண்ட அடிப்பூச்சு, அதுக்குப் பிறகுதான் பள்ளம், கீறல் நிரப்புற பட்டி. கன பேர் மாத்திச் செய்யினம், வெறும் மரம் பட்டியில இருக்கிற எண்ணெயை உறிஞ்சிடும், பட்டி காய்ஞ்சு கழண்டு விழும். எனாமல் மெல்லிசா ரெண்டு கோட், இடையில ஒரு இரவு முழுக்க விடோணும். அடி விளிம்புக்கு மட்டும் மூண்டு கோட் அடியுங்கோ, மேல் விளிம்பையும் மறக்க வேணாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில அப்பப்பா காலத்து வீடு. யன்னல்ல பச்சைப் பெயின்ட் நாலைஞ்சு படை இருக்கு, மெஷினால தேய்ச்சு எடுக்கலாமா? வீட்டில ரெண்டு வயசுப் பிள்ளை. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, மெஷினைத் தொடாதேங்கோ. பழைய எனாமல்ல ஈயம் இருக்க நிறைய வாய்ப்பிருக்கு. இலங்கையில வீட்டு எனாமலுக்கு ஈயம் 600 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில 600 பங்கு) மேல இருக்கக்கூடாது எண்ட கட்டுப்பாடு 2013 ஜனவரி 1இல இருந்துதான் நடைமுறைக்கு வந்தது, அப்பப்பா அடிச்ச காலத்தில அப்பிடி ஒண்டுமில்ல. அந்தத் தூசு நிலத்தில படிஞ்சா நிலத்தில விளையாடுற பிள்ளையின்ர கையில ஒட்டி வாய்க்குத்தான் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதால இதை லேசா நினைக்காதேங்கோ. நெருப்புக் காட்டி எரிக்கிறதும் கூடாது, அந்தப் புகையும் நஞ்சு. பெயின்ட் இறுக்கமா இருக்கிற இடத்தில கழட்டவே வேணாம், தண்ணியில நனைச்ச வாட்டர் பேப்பரால மெல்லமா மினுக்கம் போறமாதிரித் தேய்ச்சு மேலால அடிக்கலாம். உரியிற இடத்தை மட்டும் நனைச்சுச் சுரண்டி, கீழ பொலித்தீன் விரிச்சு, தும்புத்தடியால கூட்டாம ஈரச் சீலையால துடைச்சு எடுங்கோ. வேலை முடியும்வரை பிள்ளையை அம்மம்மா வீட்டில விடுங்கோ.

கேள்வி: பலா மரத்தில செய்த அலுமாரிக்கு தண்ணிப் பெயின்ட் வெள்ளை ரெண்டு தரம் அடிச்சும் மஞ்சளாத் தெரியுது. (வாசகி, தெஹிவளை)

பதில்: எத்தினை தரம் அடிச்சாலும் வரும். பிக்குமாரின்ர காவித் துணிக்குச் சாயம் காய்ச்சினதே பலா வைரத்தை அவிச்சுத்தான், அந்தச் சாயம் தண்ணியில கரையும், தண்ணிப் பெயின்ட் பட்டதும் ஊறி மேல வந்திடும். நல்லாக் காய்ஞ்ச பிறகு லேசாத் தேய்ச்சு, ஆயில் பிரைமர் இல்லாட்டி ஷெல்லாக் எண்ட அரக்குப் பூச்சு ஒரு கோட் அடிச்சு அடைச்சுப்போட்டு, அதுக்கு மேல உங்கட வெள்ளையே போதும். ஆயில் எனாமல் வெள்ளைக்கு மாற வேணாம், வெளிச்சம் படாத அறையில அது தானாவே மஞ்சளாகும். அடிச்சு முடிஞ்சா ஒரு கிழமைக்கு கதவுகளைத் திறந்தே விடுங்கோ, தண்ணிப் பெயின்ட் தொடேக்க காய்ஞ்சமாதிரி இருந்தாலும் சாத்தினா ஒண்டோடொண்டு ஒட்டி, திறக்கேக்க பிய்ஞ்சு வரும்.