பறப்பதற்கு முன் பேச வேண்டியது

வாசகியின் கடிதச் சுருக்கம்:

அன்புள்ள அம்மாவுக்கு, நான் 27 வயதுப் பெண். மதுரையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழியாக இருந்தவள் நேபாளத்தில், பொக்காரா நகருக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் ஓராண்டு தன்னார்வ ஆசிரியையாக இருக்கிறாள். "பத்து நாள் வா, பாராகிளைடிங் (பாராசூட் போன்ற இறக்கையில் பறப்பது), ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் போவது), மலையேற்றம் எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்போம்" என்கிறாள். எனக்கு உயரம் என்றால் பயம், நீச்சலும் தெரியாது. மறுத்தால் அவள் வருத்தப்படுவாளோ என்று தவிக்கிறேன். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

அன்பு மகளுக்கு,

தாராளமாகப் போய் வா. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தோழியின் கையில் பணம் இருக்குமா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தன்னார்வப் பணியில் இருப்பவளுக்குத் தங்க இடமும் தால்பாத்தும் (பருப்புச் சோறு) கிடைக்கும். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரும்பாலும் எதுவும் இராது. பொக்காரா ஏரிக்கரையில் விலை வைப்பதோ வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்து. நீ வருகிற மகிழ்ச்சியில் 'எல்லாம் செய்வோம்' என்று சொல்லிவிட்டிருப்பாள். அங்கே போன பிறகு, "நீ மட்டும் பற, நான் ஏற்கெனவே பறந்தாயிற்று" என்று அவள் பொய் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. இப்போதே போன் செய்து, எதற்கு எவ்வளவு ஆகும், உன் பங்கை நான் தரட்டுமா என்று நேராகக் கேட்டுவிடு. ஒரே அறையில் இருந்தவர்களுக்குள் என்ன கௌரவம்?

அடுத்தது அவளுடைய விடுப்பு. நேபாளத்தில் நெடுங்காலமாகச் சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டா என்று அவளிடமே கேட்டுக்கொள். நீ போய் இறங்கியதற்காக அவள் பாடங்களைக் கைவிட முடியாது. நம் நவராத்திரியை ஒட்டி வரும் தசைன் பண்டிகைக்குப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை உண்டு. மழை ஓய்ந்து அன்னபூர்ணா சிகரங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். என்ன, அந்த நாட்களில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். தீபாவளிக்கு முந்தைய இரவு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தைப் பார்த்தவள் நீ. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடு.

இனி உன் பயம். பொக்காராவில் சாரங்கோட் மலையிலிருந்து பறந்து பேவா ஏரிக்கரையில் இறங்குவார்கள். பயிற்சி பெற்ற பைலட் உன் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பார். சிரமம் புறப்படும் நேரத்தில்தான். சரிவில் ஓடு என்பார். கால் தரையை விடும் வரை ஓட வேண்டும். புதியவர்கள் பயத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. மேலே போய் வட்டமடிக்கும்போது சிலருக்குக் குமட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதே.

ராஃப்டிங்குக்குத் திரிசூலி ஆறு. காத்மாண்டிலிருந்து பொக்காரா போகும் சாலை வெகுதூரம் இந்த ஆற்றை ஒட்டியே செல்கிறது. நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் அணிந்து போகிறார்கள். உனக்கு நீச்சல் தெரியாது என்பதைப் படகில் ஏறும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடு. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். வெள்ளம் பெருகியிருந்தால் தோழியே அழைத்தாலும் ஏறாதே. காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் குதிக்கும் விளையாட்டும் அங்கே உண்டு. அதற்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.

மலையேற்றத்துக்குப் பூன்ஹில் என்ற குன்று போதும், உயரம் 3,210 மீட்டர். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோ குமட்டலோ வந்தால் மேலே ஏறாதே. தொந்தரவு கூடினால் உடனே இறங்கிவிடு. காப்பீடு எடுக்கும்போது பாராகிளைடிங்கும் மலையேற்றமும் அதில் அடங்குமா என்று படித்துப் பார். பல பாலிசிகளில் அடங்காது. நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையத்துக்குப் போய் நிற்காதே. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60.

பள்ளியைப் பார்க்க ஆசைப்படுவாய். தலைமை ஆசிரியரிடம் கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுக்காதே. பை நிறைய சாக்லேட் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்யாதே. நீ பத்து நாளில் கிளம்பிவிடுவாய். 'மிஸ், உங்கள் தோழி எப்போது வருவார், என்ன கொண்டுவருவார்' என்ற கேள்விக்கு ஆண்டு முழுக்கப் பதில் சொல்லப்போகிறவள் அவள். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக் கொடு, அது உதவி.

இதில் ஏதாவது ஒன்று வேண்டாம் என்று தோன்றினால், அங்கே போய் முகத்தைச் சுளிக்காமல் இங்கிருந்தே சொல்லிவிடு. தோழி கோபித்தால் அரை நாள் கோபிப்பாள்.

தசைனுக்குப் போனால் கிராமத்தில் உயரமான மூங்கில்களை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டி ஊஞ்சல் போட்டிருப்பார்கள். பிங் என்பார்கள். பெரியவர்களும் நின்றுகொண்டே ஆடுவார்கள், காசு கிடையாது. முதலில் அதில் ஏறி ஆடிப் பார். சாரங்கோட்டுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை இறங்கிய பிறகு முடிவு செய்யலாம்.