காட்டுக்குள் போகாதவரிடம் கேட்ட கேள்விகள்

சென்ற இதழில் உகண்டாப் பயணம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். மகனுக்கு அங்கே வேலை பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் பென்சன் எடுக்கும் விலங்கியல் வாத்தியார், வெளிநாட்டு முகவர் அல்ல.

எங்கள் வளவில் மாங்காய் பிடுங்கித் தின்னும் குரங்குகள் போதாதென்றா ஆப்பிரிக்காவுக்குக் குரங்கு பார்க்கப் போனீர்கள்? (க. ம., களுவாஞ்சிகுடி)

இதையே என் மனைவியும் கேட்டா. "இதுக்கா இவ்வளவு காசு கட்டின நீங்க?"

சிம்பன்சி நம் வளவுக் குரங்கின் இனமில்லை. முதலில் வாலைப் பாருங்கள், அதற்கு வாலே கிடையாது. ஓட்டில் ஏறித் துள்ளுகிற நம் செங்குரங்கு ஐந்தாறு கிலோ தேறும். வளர்ந்த ஆண் சிம்பன்சி நாற்பது கிலோவுக்கு மேல். பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதனே கிட்டிய சொந்தம். வகுப்பில் முப்பது வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். இந்தச் சொந்தம் எங்கே வந்து என் காலை வாரியது என்பதை நாலாவது கேள்வியில் பாருங்கள்.

எந்தக் காடு, எப்போது போகலாம், என்ன செலவு? எனக்கு 63 வயது. (ச. வி., அக்கரைப்பற்று)

மேற்கு உகண்டாவில் போர்ட் போர்ட்டல் என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில் கிபாலே தேசிய வனம். 795 சதுர கிலோமீற்றர், நம் கல்லோயா வனத்தைப்போல மூன்று மடங்கு. மனிதக் குரங்கு, குரங்கு, தேவாங்கு வகையெல்லாம் சேர்த்து 13 இனம் அங்கே உண்டு. கட்டுநாயக்காவிலிருந்து நேரே விமானமில்லை. வளைகுடாவில் மாறி என்டெபேயில் இறங்கவேண்டும், பிறகு வாகனத்தில் ஐந்தாறு மணித்தியாலம். இங்கே கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி அங்கேயும் மழை குறைந்த காலம். மார்கழி முதல் மாசி வரையும் நல்லது.

சிம்பன்சி பார்க்கும் அனுமதிச் சீட்டு மட்டும் 2023 இல் ஆளுக்கு 200 டொலர். கண்டபின் ஒரு மணித்தியாலம்தான் நிற்கலாம். இப்போது ஏறிவிட்டது, கேட்டுக்கொண்டு போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்த அட்டை செல்லுபடியாகும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். திரும்பி வரும்போது நம் நாட்டிலும் கேட்பார்கள். 60 தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் பாரதூரமான பக்கவிளைவு வரும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆகவே டொக்டரைக் கேட்காமல் டிக்கட் எடுக்காதீர்கள். மலேரியாக் குளிசை இன்னொன்று. 2016 இல் நம் நாடு மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார அமைப்பு சொன்னது. அந்தப் பெயரை நாம் கெடுத்துவிடக்கூடாதென்பதால் மலேரியாத் தடை இயக்கத்தாரே பயணிகளுக்கு இலவசமாகக் குளிசை தருகிறார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், "ஆப்பிரிக்கா போய் வந்தனான்" என்பதை டொக்டரிடம் முதலாவதாகச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் எங்கள் தோட்டத்துக்கு ஆறுமணிக்குருவி வரும். அதற்கு ஆப்பிரிக்காவில் சொந்தக்காரர் உண்டா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருக்கோவில்)

கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். உண்டு பிள்ளை. ஆப்பிரிக்கா முழுவதற்கும் இரண்டே இனம். அதில் ஒன்றான பச்சை நெஞ்சுக்காரர் கிபாலேயில் இருக்கிறார். ஆனி, ஆடியில் விடியற்காலை இருட்டோடு கிளையிலிருந்து எம்பி, சிறகைப் படபடத்து, அதே கிளையில் வந்து குந்துவாராம். அதைப் பார்க்கவே வெளிநாட்டார் நாலரைக்கு எழும்புகிறார்கள். நான் அவரைக் காணவில்லை.

கண்டதைச் சொல்கிறேன். பிகோடி என்ற ஊரின் சதுப்பு நிலத்தை ஊராரே பராமரிக்கிறார்கள். நாம் கொடுக்கும் காசு அவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. நம் வாவிக்கரைச் சம்புபோல ஆளுயரத்துக்கும் மேலே பப்பிரசுப் புல், அதன் நடுவே பலகை நடைபாதை. திடீரென்று தலைக்கு மேலே ஈரச்சாரத்தை உதறுகிற மாதிரிச் சத்தம். அது இருவாய்க்குருவியின் சிறகு. இங்கினியாகலைப் பக்கம் நம்மவரும் அப்படித்தான் பறப்பார், ஆனால் இது இன்னும் கனத்த ஆள். பிறகு பெரிய நீலத் துராக்கோ என்ற பறவை: அலகு நுனியிலிருந்து வால் வரை முக்கால் மீற்றர். நீல உடம்பு, மஞ்சள் அலகின் நுனியில் சிவப்பு, தலையில் கறுப்புக் கொண்டை. பறக்கச் சோம்பல் போலும், கிளைமேல் அணில் மாதிரி ஓடுகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, வழிகாட்டிப் பெடியன், "சேர், முகக்கவசத்தை ஒழுங்காப் போடுங்க" என்றான்.

"நான் உள்ளே போகவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. பயமா சேர்? (உங்கள் பழைய மாணவன், ஏறாவூர்)

பயமில்லையடா, தடிமன்.

விமானக் குளிரில் பிடித்தது. காலை எட்டு மணிக்குக் கன்யாஞ்சு என்ற இடத்தில் எல்லோரையும் இருத்தி வனக் காவலர் விளக்கம் சொன்னார். கிட்டப் போகக்கூடாது, உள்ளே சாப்பிடக்கூடாது, காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விடுங்கள் எறும்பு ஏறும் என்று எல்லாம் சொல்லி, கடைசியில் யாருக்காவது இருமல் தடிமன் உண்டா என்று கேட்டார். முகக்கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். 200 டொலர்! உள்ளூர்ப் பெறுமதி மனதில் ஓடியது.

கை தூக்க வைத்தது, நான் முன்பு வாசித்த ஒரு விசயம். 2013 இல் அதே கிபாலேயில், கன்யவாரா என்ற பகுதியில், 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் இருமல் பரவி ஐந்து இறந்துபோயின. இறந்த இரண்டு வயதுக் குட்டியொன்றின் உடலைச் சோதித்தபோது கிடைத்தது ரைனோ வைரசு சி, அதாவது நம் சின்னப் பிள்ளைகளுக்குச் சளி கொடுக்கிற கிருமி. அது மனிதனிலிருந்துதான் போயிருக்கவேண்டும். நமக்கு இரண்டு நாள் கொத்தமல்லிக் குடிநீரோடு போய்விடுவது அதுகளுக்கு மரணம். கிட்டிய சொந்தம் என்றேனே, நோய்க்கும் அது தெரியும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று மருமகன் இன்றைக்கும் கேட்கிறார். போகலாம், தும்மலை நிறுத்தத் தெரிந்தால். காசு திரும்பக் கிடைத்ததா என்று அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்பாதீர்கள்.

வாசலில் தனியே இருந்தேன். ஒன்பதரை மணியளவில் காட்டுக்குள்ளிருந்து சத்தம் எழும்பியது. முதலில் மெல்ல "ஹூ, ஹூ", பிறகு பலர் சேர்ந்து அலறல், அதற்குள் தொம் தொம்மென்று பறைபோல ஒரு அடி. பெரிய மரங்களின் பலகை வேரில் சிம்பன்சிகள் கையாலும் காலாலும் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். மயிர் சிலிர்த்துப்போனது. 200 டொலருக்கு அது கிடைத்தது.

சரி, அம்மா என்ன கண்டா? அதை அவவே எழுதட்டும். (ந., பொத்துவில்)

என் மனைவி எழுதமாட்டா, சொன்னதை நான் எழுதுகிறேன். கல்லடியில் கடற்கரைக்குக்கூட வரச் சம்மதிக்காதவ, முழங்கால் நோவோடு இரண்டு மணித்தியாலம் நடந்து போய்ப் பார்த்திருக்கிறா. ஒரு கிழட்டு ஆண், மத்தியானச் சோறு தின்ற மனிசன் மாதிரி, நிலத்தில் மல்லாந்து படுத்து ஒரு காலை மற்றக் காலுக்கு மேலே போட்டு, பெருவிரலைச் சொறிந்துகொண்டிருந்ததாம். ஆட்களைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். மேலே அத்தி மரத்தில் தாயும் குட்டியும். தாய் பழத்தை வாய்க்குள் அடக்கி, சாறு முழுக்க உறிஞ்சி, சக்கையைத் துப்புமாம்.

"எங்கட அம்மம்மா வெத்திலைச் சப்பல் துப்பினாப்போல கா. அப்படியே அந்த வாய்."

வரும் வழியில் சாலையோரம் முட்டைப் பொரியலைச் சப்பாத்திக்குள் சுருட்டித் தருகிற ரொலெக்ஸ் வாங்கித் தின்றோம். தின்று முடியும்வரை அம்மம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தா.