சயாமாவிடம் கேளுங்கள்: சின்னப் பிள்ளைக்கு ஜப்பானிய மொழி

சின்னப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சயாமா, என் மகனுக்கு ஏழு வயது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழி, கூடவே ஆங்கிலப் பாடம். அவன் சித்தப்பா ஒசாகாவில் வேலை பார்க்கிறார். அதைப் பார்த்து இவனும் ஜப்பானிய மொழி படிக்கணும் என்கிறான். நாலாவது மொழி வந்தால் இருக்கிற தமிழும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ரங்கூன்

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். வீட்டில் தமிழில் பேச ஆள் குறையும்போதுதான் பிள்ளையின் தமிழ் போகும், நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் அது எங்கேயும் போகாது. அதோடு, உங்கள் மகன் கையில் இருக்கும் தமிழும் பர்மிய மொழியும் ஜப்பானிய மொழிக்கு எவ்வளவு உதவும் என்பதைப் பெற்றோர் யாரும் யோசிப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். "நான் தண்ணீர் குடிக்கிறேன்" என்று தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, பர்மிய மொழியிலும் அப்படித்தான், ஜப்பானிய மொழியிலும் அதே வரிசைதான். கேள்வி கேட்க வேண்டுமா, தமிழில் கடைசியில் ஒரு 'ஆ', பர்மிய மொழியில் 'லா', ஜப்பானிய மொழியில் 'கா' சேர்த்தால் போதும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளை வாக்கியத்தையே தலைகீழாகத் திருப்பிப் பழக வேண்டும், உங்கள் மகனுக்கு அந்த வேலையே இல்லை.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று பல வருடம் எழுதினார், மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படிப் போனாலும் வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது உண்மை, பிள்ளைக்கு அது போதும்.

இன்னொன்று குறிலும் நெடிலும். 'ஒபசான்' என்றால் அத்தை, சித்தி மாதிரி உறவு, 'ஒபாசான்' என்று இழுத்தால் பாட்டி. பெரியவர்களாகிப் படிக்க வருபவர்களில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். தமிழ் எழுத்து ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கும். அதனால் தமிழ் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்பதால் அரை மணி நேரம் ஜப்பானிய மொழியும் சேர்த்திருக்கிறேன். சுலபமாக இருக்கட்டும் என்று ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுகிறேன். சரிதானா? கலாச்சாரம் என்று எதைச் சொல்லித்தருவது? கையில் காசு அதிகம் இல்லை.
– ஓர் ஆசிரியை, மௌல்மேன்

பதில்: தமிழ் எழுத்தில் எழுதுவதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள், தங்கச்சி. நம் எழுத்தில் 'ககி' என்று எழுதினால் நடுவில் வரும் 'கி' தானாக மெலிந்து ஒலிக்கும், ஜப்பானிய மொழியில் அந்த ஒலிக்குச் சாவி என்று பொருள். வலிக்கட்டும் என்று 'கக்கி' என்று எழுதினால் அது சுறுசுறுப்பு. நீங்கள் சொல்ல நினைத்தது பெர்சிமன் என்ற ஆரஞ்சு நிறப் பழமாக இருந்தால், அதன் பெயர் இந்த இரண்டு ஒலிக்கும் நடுவில் இருக்கிறது, அதை எழுத நம்மிடம் வழியே இல்லை. பர்மிய மொழியிலும் நடுவில் வரும் வல்லெழுத்துகள் பல இடங்களில் மெலிந்துவிடுவதால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பழக்கம் வரும். ஆங்கில எழுத்தும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் எழுத்தே இல்லாமல் காதால் மட்டும் கேட்டுப் பேசட்டும், பிறகு நேராக ஹிராகானா என்ற ஜப்பானிய எழுத்துக்குப் போங்கள்.

அடிப்படை எழுத்துகள் 46, வாரத்துக்கு ஐந்து வைத்தால் பத்து வாரத்தில் முடிந்துவிடும். வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் கொண்டுபோன சமஸ்கிருத எழுத்துமுறையைப் பார்த்து அமைத்த வரிசை அது, 'ஹ' இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலித்தது. தமிழ் அரிச்சுவடியும் பர்மிய அரிச்சுவடியும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த பாட்டு. எழுதும்போது எந்தக் கோடு முதலில், எந்தப் பக்கம் இழுப்பது என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதவைத்தால் நோட்டும் மிச்சம்.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி எழுத்துச் சீட்டு செய்யுங்கள். நீங்கள் ஒலியைச் சொல்ல, யார் முதலில் சீட்டைத் தட்டி எடுக்கிறார்களோ அவருக்கு அது சொந்தம், இதுதான் 'கருத்தா' விளையாட்டு. சொற்கள் கொஞ்சம் சேர்ந்ததும் 'ஷிரிதோரி': ஒருவர் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்கணும், அந்தாதி போல, 'ன்' என்று முடித்தவர் தோற்றார். எனக்கு மிகவும் பிடித்தது 'தருமசான் க கொரொந்த'. ஒரு பிள்ளை மரத்தைப் பார்த்து நின்று அந்த வரியைச் சொல்லணும், அதற்குள் மற்றவர்கள் பின்னாலிருந்து நெருங்கி வரணும், திரும்பிப் பார்க்கும்போது யாரும் அசையக்கூடாது. அந்த வரியில் சரியாகப் பத்து அசை, ஜப்பானியப் பிள்ளைகள் பத்து எண்ணுவதற்குக்கூட அதைச் சொல்வார்கள். அந்த தருமர் போதிதர்மர்தான், காஞ்சியிலிருந்து போனவர் என்று நம் ஊர் மரபு சொல்கிறதே, அவரே. ஒரு கண்ணுக்கு மை வைத்து வேண்டிக்கொண்டு, நினைத்தது நடந்ததும் இன்னொரு கண்ணுக்கு மை வைக்கும் பொம்மை அவர் உருவம்தான். காகிதக் கூழில் பிள்ளைகளே செய்யலாம்.

கலாச்சாரத்தையும் இப்படித் தெரிந்ததிலிருந்தே தொடங்குங்கள், கிமோனோ படம் பிறகு காட்டலாம். வீணைக்குப் பதில் பிவா வைத்திருக்கும் பென்சைதென் நம் சரஸ்வதி. டோக்கியோவின் அசகுசா பக்கம் மட்சுசியாமா கோயிலில் கங்கிதென் என்ற பெயரில் பிள்ளையார் இருக்கிறார், அவருக்குப் படைப்பது முள்ளங்கி. கொழுக்கட்டை எங்கே என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கட்டும். அப்புறம் அங்கே பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள், வெள்ளைத் தொப்பியும் அங்கியும் போட்டு மதியச் சாப்பாட்டைத் தாங்களே பரிமாறுகிறார்கள். உங்கள் மண்டபத்தில் இரண்டையும் செய்துவிடலாம், கைகூப்பி 'இததக்கிமஸ்' சொல்லிச் சாப்பிட ஒரு காசும் ஆகாது.

கேள்வி: என் பேத்திக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்கிறார்கள். என் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் பட்டதைச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மனம் ஒப்பவில்லை.
– ஒரு பெரியவர், தட்டோன்

பதில்: ஐயா, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. 1942-இல் ரங்கூன் விழுந்தபோது நம் ஆட்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் தன்பியூசயாட் வரை ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்கள் போர்க்கைதிகளுக்குத்தான், அந்தக் கூலிகளுக்கு அங்கே ஒரு கல் இல்லை. அதே காலத்தில் நேதாஜியை நம்பி ஜப்பானியப் படைக்குத் துணையாகப் போன தமிழர்களும் உண்டு, ஒரே வீட்டில் இரண்டு விதமான நினைவும் இருக்கும்.

இதை மறைத்துவிட்டு காகிதம் மடிக்கும் ஓரிகாமி மட்டும் சொல்லித்தர நான் சம்மதிக்க மாட்டேன். ஏழு வயதில் வேண்டாம், பத்து பதினொன்று ஆனதும் நீங்களே சொல்லுங்கள், உங்கள் அப்பா சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்லுங்கள், முடிந்தால் அவளை எழுதிவைக்கவும் சொல்லுங்கள். ஜப்பானிய மொழி தெரிந்த பேத்தி பெரியவளானதும் அந்த நாட்டுக்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே அதைக் கேட்க முடியும். அவளைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்-5 எழுத வைக்கலாமா?
– ஒரு தந்தை, ரங்கூன்

பதில்: வேண்டாம். அதில் பேசும் தேர்வும் இல்லை, கையால் எழுதும் தேர்வும் இல்லை, விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்குவது மட்டும்தான். பிள்ளைக்கு அந்த வயதில் நன்றாக வருவது பேச்சும் பாட்டும் விளையாட்டும், அதில் ஒன்றையும் அந்தத் தேர்வு பார்க்காது. தோற்றால் மொழியே வேண்டாம் என்று விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் அவளே கேட்டால் அனுப்புங்கள். இப்போதைக்கு அந்தக் கட்டணத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பெரும்பாலும் ஹிராகானாவிலேயே இருக்கும். தினமும் இரவு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அவளை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.