கெடு தாண்டிய கிரிமினல் அப்பீல்: முதலில் நாளைச் சரியாக எண்ணுங்கள்

கேள்வி: பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறோம். செக் பவுன்ஸ் வழக்கில் என் தம்பிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் 2025 ஆகஸ்ட் 4 அன்று 6 மாதச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அப்பீல் போட 30 நாள் கொடுத்து அன்றே ஜாமீனில் விட்டார்கள். ஆகஸ்ட் 11-ல் தீர்ப்பு நகலுக்கு மனு கொடுத்தோம். 22-ல் தயாராகிவிட்டது, செப்டம்பர் 3-ல்தான் போய் வாங்கினோம். வக்கீல் "போட்டாச்சு" என்றே சொல்லிவந்தார். இப்போது, அக்டோபர் கடைசியில், வாரண்டோடு போலீஸ் வந்தபோதுதான் அப்பீலே போடவில்லை என்று தெரிந்தது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எத்தனை நாள் தாமதம் என்பதை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மனுவில் இந்த எண்ணிக்கை தவறினால் கோர்ட் அலுவலகமே குறை சொல்லித் திருப்பிவிடும், அதில் இன்னும் சில நாள் போகும்.

மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அப்பீல் என்றால் 60 நாள். செஷன்ஸ் கோர்ட் விதித்த மரண தண்டனைக்கு மட்டும் அங்கேயும் 30 நாள்தான். இவை 1963-ம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தில் உள்ள கெடுக்கள். 2024 ஜூலை 1 முதல் குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்தபோதும் இவை மாறவில்லை.

தீர்ப்பு வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகஸ்ட் 5 முதல் எண்ணினால் 30-வது நாள் செப்டம்பர் 3. இதோடு நகல் தயாராக ஆன நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மனு கொடுத்த ஆகஸ்ட் 11 முதல் தயாரான 22 வரை 12 நாள். ஆக உங்கள் கடைசி நாள் செப்டம்பர் 15. தயாரான நகலை நீங்கள் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. இந்தத் தேதிகளெல்லாம் நகலின் கடைசிப் பக்க முத்திரையில் இருக்கும், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். அக்டோபர் 30-ல் தாக்கல் செய்தால் தாமதம் செப்டம்பர் 3-லிருந்து எண்ணும் 57 நாள் இல்லை, 45 நாள்.

இரண்டு விஷயம் இங்கே இடிக்கலாம். சிறைத் தண்டனை கொடுத்தால் தீர்ப்பின் நகல் ஒன்றை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தம்பிக்கு அது அன்றே கிடைத்திருந்தால், அதை வைத்தே அப்பீல் போட்டிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் 12 நாளைக் கழித்த கணக்கோடு, கழிக்காத கணக்கையும் மனுவில் சொல்லிவிடுவது என் பழக்கம். இன்னொன்று, நடுவில் வந்த தசரா விடுமுறையை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். கெடுவின் கடைசி நாளே கோர்ட் மூடியிருந்தால்தான் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

சரி, 45 நாளுக்கு என்ன பதில்? லிமிடேஷன் சட்டத்தின் 5-வது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுவும், தம்பி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். 'போதிய காரணம்' இருக்கிறதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்டு இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் காட்டிஜி வழக்கில் சொன்னது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே வரியில் 'வக்கீல் கவனிக்கவில்லை' என்று எழுதினால், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்விதான் வரும்.

உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, அதைக் காகிதத்தில் காட்டுங்கள். வக்கீலுக்கு ஃபீஸ் அனுப்பிய ஜிபே பதிவு, 'நம்பர் ஆச்சா சார்?' என்று கேட்ட வாட்ஸ்அப் செய்திகள், அவர் அனுப்பிய பதில்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக இணையுங்கள். வாரண்ட் வந்த நாள், புது வக்கீலைப் பார்த்த நாள் இரண்டும் மனுவில் இருக்கட்டும். பழைய வக்கீலைத் திட்டி எழுத வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். முக்கியமாக, மஞ்சள் காமாலை சர்ட்டிபிகேட் வாங்கிவரச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். எல்லாத் தாமத மனுவிலும் யாருக்காவது காமாலை வந்திருக்கும், நீதிபதிகளுக்கு அது தெரியாதா? பொய் என்று தெரிந்தால் உண்மையான காரணத்தையும் நம்ப மாட்டார்கள்.

அவசரமான வேலை வாரண்ட். அப்பீல் போட்டால் மட்டும் அது தானாக நிற்காது. அப்பீல் மனு, தாமத மனு, தண்டனையை நிறுத்திவைக்கும் மனு மூன்றையும் ஒரே நாளில் நகர செஷன்ஸ் கோர்ட்டில் தாக்கல் செய்து, அன்றே எடுக்கச் சொல்லி வக்கீல் கேட்க வேண்டும். நிறுத்திவைக்கும் மனுவுக்குப் புதிய சட்டத்தில் 430-வது பிரிவு, பழையதில் 389. தாமத மனுவில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அது முடியாமல் அப்பீலுக்குக் கோர்ட்டில் பதிவு எண் விழாமல் நிற்கலாம். அதுவரை வாரண்டை நிறுத்த இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

பணமும் தயாராக வேண்டும். செக் வழக்கு அப்பீலில் அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கணக்கில் அது 1 லட்சம். பொதுவாக 60 நாள் தருவார்கள், காரணம் காட்டினால் மேலும் 30. விதிவிலக்கான நிலையில் இதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கான காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அதற்குள் போலீஸ் பிடித்துவிட்டால்? பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்தே, அதிகாரி மூலம் அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தாமத மனுவே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், சீராய்வு மனுவுக்கு 90 நாள்.

பணம் கொடுத்தவரோடு பேசிப் பார்க்கும் வழியும் மூடவில்லை. செக் வழக்கைத் தண்டனைக்குப் பிறகும், அப்பீலில்கூட, சமரசம் செய்யலாம். புது வக்கீலிடம் போகும்போது நகல், ஜாமீன் உத்தரவு, வாரண்ட் எண் மூன்றையும் எடுத்துப் போங்கள். கேஸ் கட்டைப் பழைய வக்கீல் தர மறுத்தாலும் காத்திருக்காதீர்கள், நகல் கையில் இருந்தால் அப்பீல் போடலாம்.