வெஜ் பர்கரை நம்பிச் சாப்பிடலாமா?

காட்பாடியில் மகனைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் முட்டைகூடக் கிடையாது, பர்கர் கடையில் வெஜ் பர்கர் என்றால் முழுச் சைவம்தானா?

பெரிய செயின் கடை என்றால் அவ்வளவு யோசிக்க வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் கடை திறந்தபோதே மாட்டிறைச்சியை மெனுவில் சேர்க்கவில்லை. சைவத்துக்குத் தனி இடம், தனிப் பாத்திரம், முட்டையில்லாத மயோனைஸ் என்று இந்தியாவுக்காகவே மாற்றிக்கொண்டார்கள். அதே கம்பெனி அமெரிக்காவில் பிரெஞ்சு ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்தது 2001-ல் வழக்காகி, 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது வேறு கதை.

சிக்கல் நம்ம ஊர்ச் சின்னக் கடைகளில்தான். சாயங்காலக் கூட்டத்தில் அடுப்புப் பக்கம் நின்று கவனியுங்கள். ஒரே வாணலி, ஒரே எண்ணெய். சிக்கன் துண்டை அள்ளிய ஜல்லிக்கரண்டிதான் உருளைக்கிழங்கு கட்லெட்டையும் அள்ளும். ஆம்லெட் போட்ட கல்லிலேயே பன்னும் சூடாகும். ஏமாற்றும் எண்ணம் ஒன்றுமில்லை, அவர்களிடம் இருப்பதே ஒரு அடுப்பு.

மயோனைஸ் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லை. முட்டை சேர்ந்தால் பழுப்பு முக்கோணம் போட்டாக வேண்டும். கடையிலேயே அடித்த மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்வதற்குத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது, கிருமி பயத்தால். எண்ணெய் கலந்தாலும் ஆகாது என்றால் பையனை அசைவமே விற்காத கடையில் வாங்கச் சொல்லுங்கள்.